ஷாங்காயில் ஒரு செமஸ்டர்: எதை முதலில் செய்வது, எதை அடுத்து

சீனப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களுக்குப் பாடத்தைவிட முதல் இரண்டு வாரம்தான் கடினம். அங்கே ஒவ்வொரு வேலையும் இன்னொரு வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளூர் போன் எண் இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது. போலீஸ் பதிவுச் சீட்டு இல்லாமல் தங்கும் அனுமதி கிடையாது. தங்கும் அனுமதிக்குக் கொடுத்துவிட்டால் பாஸ்போர்ட் இரண்டு மூன்று வாரம் கையில் இருக்காது. அந்த நாட்களில் பாஸ்போர்ட் கேட்கும் வேலை எல்லாம் நின்றுவிடும். வரிசை சரியாக இருந்தால் பத்து நாளில் எல்லாம் முடிந்து படிப்பில் உட்காரலாம். வரிசை தப்பினால் அக்டோபர் பாதி வரைக்கும் அலைச்சல்தான்.

இங்கே ஷாங்காயை வைத்துச் சொல்கிறோம். விசா, பதிவு, அபராதம் போன்ற சட்டங்கள் பெய்ஜிங்கிலும் குவாங்சோவிலும் அதேதான். அலுவலகங்களும் குளிரும் மட்டும் வேறு.

அட்மிஷன் கடிதம் வந்ததும்

முதலில் பெயரைப் பாருங்கள். தமிழர்களுக்கு இது தனிச் சிக்கல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அதில் உட்கார்ந்திருக்கும். பல்கலைக்கழகம் ஒரு விதமாக எழுதும், விசாவில் இன்னொரு விதமாக அச்சாகும், வங்கி எழுத்தர் மூன்றாவது விதமாகத் தட்டுவார். சீனக் கணினி அமைப்புகள் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒப்பிடும். வங்கியில் ‘கார்த்திகேயன் செல்வராஜ்’ என்றும், போனில் பணம் கட்டும் அலிபே என்ற சீனச் செயலியில் ‘செல்வராஜ் கார்த்திகேயன்’ என்றும் இருந்தால் இரண்டையும் இணைக்கவே முடியாது. ஏன் முடியவில்லை என்று திரையும் சொல்லாது.

தீர்வு எளிது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் பெயர் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே பெயர் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டுங்கள். அட்மிஷன் கடிதத்தில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் விசாவுக்குப் போகுமுன்பே திருத்தி வாங்கிவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது எந்த விசா என்பது. 180 நாளுக்குள் முடியும் படிப்புக்கு எக்ஸ்2, அதற்கு மேல் என்றால் எக்ஸ்1. இலையுதிர் செமஸ்டர் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. வசந்த செமஸ்டர் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை. ஆகவே ஒரு செமஸ்டருக்குப் பெரும்பாலும் எக்ஸ்2 போதும். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் ஜேடபிள்யூ 202 என்ற படிவத்தை அனுப்பி எக்ஸ்1 வாங்கச் சொல்லும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எது வாங்க வேண்டும் என்பதைச் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விசாவிலேயே தெரியும். எக்ஸ்1 விசாவில் தங்கும் நாட்கள் என்ற இடத்தில் ‘000’ என்று இருக்கும். பிழை என்று பயப்பட வேண்டாம். நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள் என்று அதற்குப் பொருள். எக்ஸ்2 விசாவில் நாட்கள் எண்ணாகவே இருக்கும். உள்ளே நுழைந்த தேதியிலிருந்து அதை எண்ண வேண்டும். கடைசித் தேர்வு அந்த எண்ணிக்கைக்குள் வருகிறதா என்று காலண்டரை வைத்துப் பாருங்கள். எக்ஸ்2 பெரும்பாலும் ஒருமுறை நுழைவதற்கு மட்டும்தான். அக்டோபர் விடுமுறையில் ஹாங்காங் போய் வரலாம் என்று கிளம்பினால் திரும்பி வர முடியாது. ஹாங்காங் சீனாவின் பகுதிதான், ஆனால் எல்லைக் கட்டுப்பாட்டில் அது தனி. அங்கே காலை வைத்தால் சீனாவை விட்டு வெளியேறிவிட்டதாகவே கணக்கு.

சென்னையில் சீனத் துணைத்தூதரகம் இல்லை. உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து, அஞ்சல் நாட்களையும் சேர்த்துக் குறைந்தது ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா விலக்கு உண்டு. அது படிப்புக்குப் பொருந்தாது. விலக்கில் நுழைந்து, அங்கே போய் மாணவர் விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போக வேண்டாம்.

மூன்றாவது, வளாகம். ஷாங்காய் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் இருக்கின்றன. ஃபூதான் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் நகருக்குள்ளேயே யாங்பூ பகுதியில், ஹந்தான் சாலையில். ஷாங்காய் ஜியாவ்தோங் பல்கலைக்கழகத்துக்கு நகர மையத்தில் ஷூஹுவேய் வளாகமும், தெற்கே வெகு தூரத்தில் மின்ஹாங் வளாகமும் உண்டு. மின்ஹாங்கிலிருந்து மையத்துக்கு மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் வகுப்பு எந்த வளாகத்தில், ஹாஸ்டல் எந்த வளாகத்தில் என்று தெரியாமல் வெளியே அறை எடுக்காதீர்கள்.

புறப்படுமுன் போனில் செய்ய வேண்டியவை

கூகுள், ஜிமெயில், யூடியூப், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. இதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் இதனால் எங்கெங்கே இடிக்கும் என்பது போன பிறகுதான் உறைக்கும். ஊர்க் கல்லூரி பாடக்குறிப்பைக் கூகுள் டிரைவில் வைத்திருந்தால் திறக்காது. வங்கி ஓடிபி ஜிமெயிலுக்குப் போனால் பார்க்க முடியாது. ஆகவே அவுட்லுக் போன்ற வேறு மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, வங்கிக்கும் ஊர்க் கல்லூரிக்கும் சீனப் பல்கலைக்கழகத்துக்கும் அதைக் கொடுங்கள். விசா, அட்மிஷன் கடிதம், பாஸ்போர்ட், காப்பீடு எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே இறக்கி வையுங்கள்.

ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டு வைத்தால் இரண்டு நன்மை. வங்கி ஓடிபி குறுஞ்செய்தியாக வரும். ரோமிங் டேட்டா உங்கள் ஊர் நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸ்அப்பும் வேலை செய்யும். முதல் வாரத்துக்கு ஒரு சிறிய ரோமிங் பேக் போதும். அனுமதி பெறாத விபிஎன் சீனச் சட்டத்துக்குப் புறம்பானது. பலரும் வைத்திருக்கிறார்கள் என்பதை நம்பி அதன் மேல் உங்கள் செமஸ்டரையே கட்டாதீர்கள். முக்கியமான நாட்களில் அது நின்றும் போகும்.

வீசாட் என்ற சீனச் செய்திச் செயலி இல்லாமல் அங்கே எதுவும் நகராது. வகுப்புக் குழு, பேராசிரியருடன் பேச்சு, ஹாஸ்டல் அறிவிப்பு எல்லாம் அதில்தான். ஆனால் இந்திய அரசு 2020 ஜூனில் தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. இந்திய ஆப் ஸ்டோரில் அது கிடைக்காது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் சீனா போய்ச் சேர்ந்ததும் வீசாட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஐபோன் என்றால் ஆப் ஸ்டோரின் நாட்டை மாற்ற வேண்டும். கணக்கில் மீதப் பணமோ நடப்புச் சந்தாவோ இருந்தால் மாற்ற விடாது. அதை ஊரிலேயே தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். புதுக் கணக்கு தொடங்கும்போது, ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் திரையிலுள்ள கட்டத்தை ஸ்கேன் செய்து உறுதி சொல்ல வேண்டியிருக்கும். மாணவர் அலுவலகத்தின் தன்னார்வ மாணவர்களிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைப்பதை மறக்காதீர்கள். இந்திய வங்கிகளின் புது அட்டைகளில் அது மூடியே வரும். விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையாக இருக்கட்டும். இரண்டு வேறு வங்கிகளுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. கூகுள் மேப்ஸுக்குப் பதில் ஆப்பிள் மேப்ஸ் அல்லது காவ்தே. சீன எழுத்துக்கு பிளெக்கோ அகராதி. இணையம் இல்லாமலும் ஓடும்.

பெட்டியில்

33×48 மில்லிமீட்டர் அளவில், வெள்ளைப் பின்னணியில் பத்துப் புகைப்படம். இந்தியச் செருகிகளின் உருண்டைக் கால்கள் அங்கே நுழையாது. மின்சாரம் 220 வோல்ட்தான், ஆகவே செருகி மாற்றி மட்டும் போதும், மின்மாற்றி வேண்டாம். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் கடையில் அடைத்து முத்திரையிட்ட பொட்டலமாக எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி ஆகியவை சுங்கத்தில் போய்விடும். வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற பால்பொருளும் தடைப் பட்டியலில் உண்டு. நெய்யையும் தவிர்ப்பது நல்லது. கசகசா வேண்டவே வேண்டாம். முளைக்கும் திறனுள்ள கசகசா விதை அங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு முழுச் செமஸ்டருக்கும் எடுத்துப் போங்கள். மாத்திரை அதன் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இறங்கிய அன்று

புடோங் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 2-ஆம் தடம் நேராக நகருக்குள் போகும். ஃபூதான் போகிறவர்கள் நான்ஜிங் கிழக்குச் சாலையில் 10-ஆம் தடத்துக்கு மாறி, குவோச்சுவான் சாலையில் இறங்கலாம். தோங்ஜி பல்கலைக்கழகத்துக்கும் அதே 10-ஆம் தடம். பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. கட்டணம் 6 கிலோமீட்டர் வரை 3 யுவான், அதற்குப் பிறகு ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் ஒரு யுவான். காந்த ரயில் லோங்யாங் சாலை வரைதான் போகும், 50 யுவான். அன்றைய விமானச் சீட்டைக் காட்டினால் 40. பெரிய பெட்டிகளோடு அங்கே இறங்கி மறுபடி மெட்ரோ மாற வேண்டும் என்பதால் முதல் நாளுக்கு அது உதவாது. இரவு பத்தரைக்கு மேல் இறங்கினால் டாக்ஸிதான். வரிசையில் நின்று ஏறுங்கள். உள்ளே வந்து கையைப் பிடித்து அழைப்பவர்களோடு போகாதீர்கள். சேருமிடத்தைச் சீன எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தால் பேச்சே தேவைப்படாது.

இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் போலீசில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். வளாக ஹாஸ்டல் என்றால் பெரும்பாலும் வரவேற்பு மேசையிலேயே நடக்கும். ஆனால் ‘நடந்துவிட்டது’ என்று வாயால் சொன்னால் போதாது. பதிவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெளியே அறை எடுத்தவர்கள் வாடகை ஒப்பந்தத்தோடும் வீட்டு உரிமையாளரின் விவரங்களோடும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அதன் பெயர் ‘பைச்சூசுவோ’. ஷாங்காயில் இணையம் வழியாகவும் பதியலாம். தவறினால் எச்சரிக்கையோ 2,000 யுவான் வரை அபராதமோ உண்டு. அபராதத்தைவிட, அந்தச் சீட்டு இல்லாமல் தங்கும் அனுமதி விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள் என்பதுதான் பெரிய இடி. அறை மாறினாலும், புதுப் பாஸ்போர்ட் வாங்கினாலும், வெளிநாடு போய்த் திரும்பினாலும் மறுபடி பதிய வேண்டுமா என்று ஹாஸ்டல் அலுவலகத்தில் உடனே கேட்டுவிடுங்கள்.

முதல் பத்து நாள்

வரிசை இதுதான்: சிம், வங்கி, அலிபேயும் வீசாட் பேயும், அதன் பிறகு, எக்ஸ்1 விசா என்றால், தங்கும் அனுமதி.

சிம்மை சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் ஆகியவற்றின் சொந்த அலுவலகத்தில் மட்டும் வாங்குங்கள். அசல் பாஸ்போர்ட்டைப் பார்த்து, முகத்தைப் படமெடுத்துத்தான் தருவார்கள். தெருக்கடையில் வேறொருவர் பெயரில் இருக்கும் சிம்மை வாங்கினால் வங்கியில் அது ஏறாது, ஏனென்றால் எண்ணும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரில் இருக்கிறதா என்று வங்கி சரிபார்க்கும். மாதச் சந்தாவாக வாங்குங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வங்கியை வளாக வாசலில் இருக்கும் கிளையிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வெளிநாட்டு மாணவர்களைத் தினம் பார்க்கும் எழுத்தருக்கு எந்தத் திரையில் என்ன தட்ட வேண்டும் என்று தெரியும். பாஸ்போர்ட், விசா, மாணவர் சான்று, உள்ளூர் எண், ஊரில் உள்ள வரி எண் ஆகியவற்றோடு காலை நேரத்தில் போங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சில கிளைகள் தங்கும் அனுமதி வந்த பிறகு வரச் சொல்லும். அப்படியானால் வாதாடாமல் அடுத்த வங்கிக் கிளைக்குப் போங்கள்.

வங்கிக் கணக்கு இல்லாமலேயே ஊர் அட்டையை அலிபேயிலும் வீசாட் பேயிலும் இணைத்துக் கடைகளில் பணம் கட்டலாம். 200 யுவான் வரையிலான தொகைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம் போகும். ஆகவே ஹாஸ்டல் வாடகை, மெத்தை, குளிர்ச் சட்டை போன்ற பெரிய தொகைகளை அப்படிக் கட்டாதீர்கள். ஊர் அட்டையை வைத்து நண்பருக்குப் பணம் அனுப்ப முடியாது என்பது இன்னொரு தொல்லை. வகுப்புத் தோழர்கள் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கணக்கைப் பிரிக்கும்போதுதான் உள்ளூர்க் கணக்கின் அருமை தெரியும். கையில் 500 யுவான் ரொக்கமாகவும் வைத்திருங்கள்.

எக்ஸ்1 விசாக்காரர்களுக்கு இனிதான் பெரிய வேலை. முதலில் உடல் பரிசோதனை. ஊரிலேயே செய்திருந்தால் அசல் அறிக்கைகளையும் மார்பு எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள்; ஏற்றுக்கொண்டால் பணம் மிச்சம், இல்லையென்றால் அங்கே மறுபடியும் செய்ய வேண்டும். ரத்தம் எடுப்பார்கள், ஆகவே காலை உணவு இல்லாமல் போக வேண்டும். பிறகு பதிவுச் சீட்டு, ஜேடபிள்யூ படிவம், அட்மிஷன் கடிதம், பல்கலைக்கழகச் சிவப்பு முத்திரையிட்ட விண்ணப்பம், புகைப்படம், பாஸ்போர்ட். புடோங்கில் மின்ஷெங் சாலையில் உள்ள குடிவரவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் வளாகத்திலேயே ஒரு நாள் முகாம் போட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த நாளைத் தவற விடாதீர்கள். ஒரு வருடத்துக்குக் குறைவான அனுமதிக்குக் கட்டணம் 400 யுவான். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு படம் போட்ட ரசீது ஒன்று தருவார்கள். அது திரும்பி வர 15 வேலை நாள் வரை ஆகலாம்.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். செப்டம்பர் 15-க்கு மேல் கொடுத்தால் நடுவில் அக்டோபர் 1 தேசிய நாள் விடுமுறை வந்துவிடும். அந்த வாரம் அலுவலகம் மூடல்; வேலை நாளாக எண்ண மாட்டார்கள். தீபாவளிக்கு ஊர் வர டிக்கெட் எடுத்திருப்பவர் பாஸ்போர்ட் இல்லாமல் நிற்பார். செப்டம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் சிம்மும் வங்கியும் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வங்கிகள் பல அந்த ரசீதை அடையாளமாக ஏற்பதில்லை.

வகுப்பு

பாடத் தேர்வு இணையத்தில் சுற்றுச் சுற்றாக நடக்கும். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களில் இடம் குறைவு. திறந்த சில நிமிடத்தில் நிரம்பிவிடும். விட்டுப்போனால் முதல் இரண்டு வாரம் சேர்க்கவும் நீக்கவும் அனுமதிக்கும் காலம் இருக்கிறது. அந்த வகுப்புக்கு நேரில் போய் உட்கார்ந்து, பேராசிரியரிடம் கையெழுத்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே முதல் வாரம் உங்கள் பட்டியலில் உள்ளதைவிட இரண்டு வகுப்பு அதிகமாகப் போங்கள்.

ஊர்க் கல்லூரி எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் தரும் என்பதைக் கிளம்புமுன் துறைத்தலைவரின் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். பாடம் மாறினால் அந்த வாரமே மின்னஞ்சலில் ஒப்புதல். ஒரு பீரியட் 45 நிமிடம், செமஸ்டர் 16 முதல் 18 வாரம், தேர்ச்சிக்கு 60 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் மொத்த வகுப்பு மணிநேரத்தோடு முத்திரை போட்டு வாங்கி வையுங்கள். ஊர் திரும்பியதும் எத்தனை மணி நேரம் படித்தாய் என்ற கேள்விதான் முதலில் வரும்.

விடுமுறைக்கு ஈடு செய்யும் வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். நீண்ட விடுமுறைக்கு முன்போ பின்போ வரும் சனி, ஞாயிறு வேலை நாளாக மாறும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமைப் பாடம் நடக்கும். வகுப்புக் குழுவில் வரும் அறிவிப்பை மொழிபெயர்த்துப் படிக்காமல் விட்டால் வருகைப் பதிவு போய்விடும்.

சீன மொழி தெரியாவிட்டாலும் மொழி வகுப்பு ஒன்றைக் கட்டாயம் எடுங்கள். அதன் பயன் அன்றாடம் கேன்டீனிலேயே தெரியும்.

சாப்பாடு

கேன்டீன் மலிவு, சூடு, சுத்தம். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துகொண்டே விரலால் காட்டினால் போட்டுத் தருவார்கள். வளாக அட்டையிலோ போனிலோ பணம். காய்க் கறி சில யுவானிலேயே முடியும், இறைச்சி அதைவிடக் கூடும். ஒரு வேளைக்குப் பத்திலிருந்து இருபது யுவான் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சோறு ‘லியாங்’ கணக்கில். ஒரு லியாங் என்பது 50 கிராம். இரண்டு லியாங் என்று கேட்டால் ஒரு கிண்ணம் வரும். நம் சாப்பாட்டுக்கு மூன்று கேளுங்கள். நேரம்தான் கறார். மதியம் 11 மணிக்கே கூட்டம் தொடங்கும். ஒன்றரைக்குப் போனால் காலித் தட்டுதான். இரவுச் சாப்பாடு மாலை ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிந்துவிடும். நம் ஊர் எட்டரை மணிச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும்.

சைவக்காரர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். ‘ரோ’ என்றால் இறைச்சி; ஆனால் வெறுமனே அந்தச் சொல்லைச் சொன்னால் பன்றி இறைச்சி என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். ‘ரோ வேண்டாம்’ என்று சொன்னால் கோழியோ உலர்ந்த இறாலோ வந்து விழும். நீங்கள் சொல்ல வேண்டியது ‘வோ ச்சர் ஸூ’, நான் சைவம் சாப்பிடுகிறேன் என்பது. அதன் பின்னாலேயே முட்டை உண்டா இல்லையா என்றும், பன்றிக் கொழுப்பு எண்ணெய் வேண்டாம் என்றும் சீன எழுத்தில் எழுதிய அட்டையைக் காட்டுங்கள்.

பெயரை நம்பாதீர்கள். மாபோ தோஃபு பார்க்க வெறும் சோயாப் பாலாடைதான். அதில் கொத்துக்கறி இருக்கும். ‘மீன் மணக் கத்திரிக்காய்’ என்ற கறியில் மீன் கிடையாது, ஆனால் பன்றிக் கொத்துக்கறி பெரும்பாலும் இருக்கும். வறுத்த பீன்ஸை உற்றுப் பாருங்கள்: காய்களுக்கிடையில் பழுப்பு நிறத்தில் பருக்கை பருக்கையாக இருப்பது வெங்காயம் இல்லை. ஷாங்காயில் காலையில் விற்கும் உப்புத் தோஃபுவின் மேல் வெளிறிய காகிதத் துணுக்குபோல் மிதப்பது உலர்ந்த சிற்றிறால். கீரைச் சோறு என்று சொல்வதில் உப்புக்கண்டமும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கும்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: புளிப்புக் காரம் போட்ட உருளைக்கிழங்குச் சீவல், உருளையும் கத்திரியும் குடைமிளகாயும் சேர்ந்த ‘தீசான்ஷியன்’, பூண்டு போட்டு வதக்கிய கீரைகள், முட்டை உண்பவர்களுக்குத் தக்காளி முட்டை. நகரில் பௌத்த சைவ உணவகங்கள் நிறைய உண்டு. 1922-இல் தொடங்கிய குங்தேலின் அவற்றில் பழையது. லோங்ஹுவா கோயிலில் சைவ நூடுல்ஸ் கிடைக்கும். இந்த இடங்களில் எதையும் கேட்காமல் சாப்பிடலாம்.

பன்றி வேண்டாம் என்பவர்கள் ஹலால் கேன்டீனைத் தேடுவார்கள். பெரும்பாலான வளாகங்களில் ஒன்று இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அது சரிவராது, ஏனென்றால் அங்கே நூடுல்ஸ் சாறே மாட்டு எலும்பில் கொதித்தது.

அறையில் சமைக்கலாம் என்று குக்கர் வாங்குமுன் விதியைக் கேளுங்கள். பல ஹாஸ்டல்களில் அறைக்குள் இன்டக்‌ஷன் அடுப்பும் அரிசிக் குக்கரும் தடை. சோதனையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஹாஸ்டலும் குளிரும்

வட சீனாவில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை அரசே வீடுகளுக்கு வெப்பக் குழாய் ஓட்டும். ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே அது கிடையாது. ஷாங்காய் தெற்கில் இருக்கிறது. ஆகவே பெய்ஜிங்கில் வெளியே உறையும் குளிர், உள்ளே பனியன் போதும். ஷாங்காயில் வெளியே 4 டிகிரி, வகுப்பறைக்குள்ளும் ஏறக்குறைய அதேதான், அதோடு ஈரம். சுவர்கூடச் சில்லென்று இருக்கும். ஏசியைச் சூடு பக்கம் திருப்பினால் அறை ஓரளவு சூடாகும். மின் கட்டணம் முன்கூட்டியே போட்டு வைக்கும் முறை என்பதால் நடு இரவில் தீர்ந்தால் காலை வரை குளிர்தான். மீதம் எவ்வளவு என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

குளிர்ச் சட்டையை ஊரில் வாங்காதீர்கள். அங்கே தரமும் அதிகம், விலையும் குறைவு. உள்ளே போடும் தெர்மல் உடை இரண்டு ஜோடி, தடித்த காலுறை, வெந்நீர்ப் பை, இவை நவம்பருக்குள் இருக்க வேண்டும். மெத்தை பெரும்பாலும் பலகைபோல் இருக்கும். மேலே போடும் மெத்தையை இணையத்தில் வாங்கினால் இரண்டு நாளில் வரும். பொட்டலம் அறைக்கு வராது. வளாகத்துப் பார்சல் நிலையத்துக்கு வந்து போனில் ஓர் எண் வரும். ‘5-2-1034’ என்றால் ஐந்தாவது அடுக்கு, இரண்டாவது தட்டு, 1034-ஆம் பொட்டலம் என்ற மாதிரி. நீங்களே தேடி எடுத்து ஸ்கேன் செய்துவிட்டு வர வேண்டும்.

குழாய் நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டடத்திலும் கொதிநீர்க் குழாய் இருக்கும். ஒரு பிளாஸ்க் வாங்குங்கள்.

உடம்பு சரியில்லாவிட்டால்

வெளிநாட்டு மாணவர்களுக்குக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதத்துக்கு 400 யுவான் என்பது வழக்கமான தொகை. மருத்துவமனையில் முதலில் ‘குவாஹாவ்’, அதாவது எந்தப் பிரிவு என்று சொல்லிப் பணம் கட்டிச் சீட்டு வாங்குவது. பிறகுதான் மருத்துவர். அவர் பரிசோதனை எழுதினால் மறுபடி போய்ப் பணம் கட்டி, பரிசோதனை செய்து, அதே மருத்துவரிடம் திரும்ப வர வேண்டும். மருந்துக்கும் அப்படியே. நான்கு முறை மாடி ஏறி இறங்குவதைக் கண்டு கலங்க வேண்டாம். அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். சீனம் பேசும் ஒருவரோடு போங்கள்.

காப்பீட்டுப் பணம் திரும்ப வர அரசு மருத்துவமனையாக இருக்க வேண்டும். ‘ஃபாப்பியாவ்’ என்ற வரி ரசீது, மருத்துவக் குறிப்பு, பரிசோதனை அறிக்கை மூன்றும் வேண்டும். அட்டையில் பணம் கழிந்ததைப் போன் திரையில் காட்டினால் ஏற்க மாட்டார்கள். படுக்கையில் சேர வேண்டியிருந்தால் சேருமுன்பே காப்பீட்டு எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120, தீயணைப்பு 119. விசா, பதிவு பற்றிய சந்தேகத்துக்கு 12367. ஆங்கிலத்தில் பேசுவார்கள், எந்நேரமும் எடுப்பார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் அறிக்கை, பிறகு ஷாங்காயில் உள்ள உங்கள் நாட்டுத் துணைத்தூதரகம், அதன் பிறகு மறுபடி குடிவரவு அலுவலகம். வரிசை மாற்றினால் மூன்று இடமும் திருப்பி அனுப்பும்.

பகுதி நேர வேலை, கட்டணத்துக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது எதையும் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். நண்பர் அழைத்தார், இரண்டு மணி நேரம்தானே என்று போய் மாட்டியவர்களுக்கு விசாவே போயிருக்கிறது.

கிளம்பும்போது

ஜனவரி நடுவில் கிளம்புகிறவர்கள் சில வருடங்களில் சீனப் புத்தாண்டுக் கூட்டத்தில் சிக்குவார்கள். உள்நாட்டு ரயில் டிக்கெட் 15 நாள் முன்புதான் திறக்கும், அதுவும் பாஸ்போர்ட் எண்ணோடு. ரயிலில் வேறு நகரம் போய் அங்கிருந்து பறப்பதாக இருந்தால் திறக்கும் நாளிலேயே எடுங்கள்.

தங்கும் அனுமதியோ எக்ஸ்2 விசாவோ முடியும் தேதிக்கு முன் வெளியேற வேண்டும். தேதி தாண்டினால் நாளுக்கு 500 யுவான் அபராதம் விழலாம். மொத்தம் 10,000 வரை போகலாம். படிப்பை நடுவில் நிறுத்தினால் பல்கலைக்கழகம் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடும், தேதியும் சுருங்கும். பாஸ்போர்ட்டில் அச்சான பழைய தேதியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

மீதி யுவானை மாற்ற, பணம் மாற்றியபோது வங்கி தந்த சீட்டு வேண்டும். அது 24 மாதம் செல்லும். சீட்டு இல்லாவிட்டால் சிறு தொகைதான் மாற்றித் தருவார்கள். கையில் 20,000 யுவானுக்கு மேல் ரொக்கம் எடுத்துப் போகக் கூடாது.

கடைசி வாரத்தில் செய்யும் வேலைகள் முதல் வாரத்தின் வரிசையைத் தலைகீழாக்கியவை. முதலில் ஹாஸ்டல் முன்பணம் கணக்கில் வந்து சேரட்டும். பிறகு அலிபேயிலும் வீசாட்டிலும் உள்ள பணத்தை வங்கிக்கு மாற்றுங்கள். அதன் பிறகு வங்கிக் கணக்கை மூடுங்கள். சிம்மை எல்லாவற்றுக்கும் கடைசியில் ரத்து செய்யுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல் நீங்கள் கிளம்பிய பிறகுதான் தயாராகும் என்றால், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, அஞ்சல் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாருங்கள். மூன்று பிரதி கேளுங்கள்.